வேம்பயருக்கும் கணக்கு உண்டு

(முதல் நாவல் எழுதுவோர் அனுப்பும் கேள்விகளுக்கான பகுதி இது. இம்முறை வந்தவற்றில் முக்கால்வாசி, இன்றைய லண்டனில் மனித ரத்தம் குடித்து ஒளிந்து வாழும் வேம்பயர்கள் பற்றியவை.)

கே: என் நாவலில் கடிபட்ட எல்லோரும் வேம்பயர் ஆகிவிடுவார்கள். 200 வருடமாக இந்த ரகசியம் வெளியே தெரியாது. படித்துப் பார்த்த நண்பர் "லாஜிக் இடிக்குது" என்கிறார். எங்கே இடிக்கிறது? (திருச்சி வாசகர்)

ப: பெருக்கலில். ஒரு வேம்பயர் மாதம் ஒருவரைக் கடிக்கிறது, கடிபட்டவரும் அடுத்த மாதத்திலிருந்து கடிக்கக் கிளம்புகிறார் என்று வையுங்கள். எண்ணிக்கை மாதாமாதம் இரட்டிக்கும். 10ஆம் மாதம் 1,024. 20ஆம் மாதம் பத்து லட்சத்தைத் தாண்டும். 24ஆம் மாதம் ஒன்றரைக் கோடிக்கு மேல். லண்டன் மொத்தமே சுமார் 90 லட்சம் பேர்தான். 33ஆம் மாதம் உலகத்தில் கடிக்க ஆள் மிஞ்சாது. உங்களுக்கு வேண்டியது 200 வருடம். கையில் இருப்பது மூன்று வருடம்கூட இல்லை.

ஆகவே கடிப்பதையும் மாற்றுவதையும் முதலில் பிரித்துவிடுங்கள். கடி என்பது சாப்பாடு மட்டும். மாற்றுவதற்கு வேறு சடங்கு, வேறு விலை இருக்கட்டும்.

அடுத்தது அளவு. வளர்ந்த ஒருவர் உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம். ரத்த தான முகாமில் 350 அல்லது 450 மில்லி எடுக்கிறார்கள். கொடுத்தவர் பழச்சாறு குடித்துவிட்டு வீட்டுக்கு நடந்து போகிறார். முக்கால் லிட்டர் வரை பெரும்பாலும் உடம்பு சமாளித்துக்கொள்ளும். ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் ரத்த அழுத்தம் இறங்கும், பேச்சு குழறும். இரண்டு லிட்டர் போனால் உயிர் ஊசலாடும். உங்கள் 7ஆம் அத்தியாயத்தில் நாயகி "பாதி ரத்தத்தை" இழந்த பிறகு மாடிப்படி ஏறி ஓடுகிறாள். ஓட முடியாது.

எனவே ஒரு வேளைக்கு 400 மில்லி என்று வைப்போம். ஆனால் அதே ஆளிடம் மறுநாளே போக முடியாது. இழந்த நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஊறிவிடும். சிவப்பணுக்கள் தேற வாரக்கணக்கில் ஆகும். பிரிட்டனில் ரத்த தானத்துக்கு இடைவெளி ஆண்களுக்கு 12 வாரம், பெண்களுக்கு 16 வாரம். தினமும் குடிக்கும் வேம்பயருக்கு, எல்லோரையும் ஆண்களாகவே வைத்தாலும் 84 பேர் சுழற்சியில் வேண்டும். நகரத்தில் நூறு வேம்பயர் என்றால் 8,400 பேர். அத்தனை பேர் கழுத்திலும் தழும்பு, அத்தனை பேருக்கும் ஒரு டாக்டர். ரகசியம் ஒரு மாதம் தாங்காது. வாரம் ஒருமுறைதான் பசிக்கும் என்று மாற்றிப் பாருங்கள்: ஆளுக்கு 12 பேர் போதும். அந்தப் பன்னிரண்டு பேர் யார், எதற்காக வாயைத் திறக்காமல் இருக்கிறார்கள் என்று எழுத உட்கார்ந்தால் நாவலின் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

கழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கரோட்டிட் தமனியில் பல் இறங்கினால் ரத்தம் பீறிடும். அழகாக இரண்டு புள்ளி வைத்துவிட்டு விலக முடியாது. ஆள் சில நிமிடங்களில் இறப்பார், இங்கிலாந்தில் அப்படிப்பட்ட சாவு கரோனர் (சந்தேக மரணங்களை விசாரிக்கும் அதிகாரி) விசாரணைக்குப் போகும், பிரேதப் பரிசோதனை நடக்கும். மறைந்து வாழ நினைக்கும் வேம்பயர் முழங்கை மடிப்பில் உள்ள சிரையைத்தான் தேடும். ரத்தம் எடுக்கும் நர்ஸ் தேடுவதும் அதையேதான்.

கே: வெயிலில் சாம்பலாகும் விதியை மாற்றினால் ரசிகர்கள் கோபிப்பார்களா? (ஈரோடு வாசகி)

ப: அது அவ்வளவு பழைய விதி இல்லை. 1897இல் வந்த 'டிராகுலா' நாவலில் பிரபு பகலில் லண்டன் தெருவில் நடக்கிறார். சக்தி மட்டும் குறைகிறது. வெயில் கொல்லும் என்பதை நிலைநாட்டியது 1922இல் வந்த ஜெர்மன் மௌனப்படம் 'நோஸ்ஃபெரட்டு'. வெளிறிய சீமான் வேஷமும் 1819இல் ஆங்கில எழுத்தாளர் போலிடோரி எழுதிய கதையோடுதான் வருகிறது. அதற்கு முன் செர்பியக் கிராமத்தார் பயந்த வேம்பயர் ஊதிப்போன, முகம் சிவந்த குடியானவன். 1732இல் ஆஸ்திரிய ராணுவ மருத்துவர்கள் மெத்வெஜா கிராமத்தில் கல்லறைகளைத் தோண்டிப் பார்த்து அறிக்கை எழுதினார்கள். வாயோரம் ரத்தம், "புதிதாக முளைத்த" நகம் எல்லாம் அதில் உண்டு. அழுகும் உடலில் வாயு சேர்ந்து திரவத்தை வாய்வழியே தள்ளும். மேல்தோல் கழன்று அடித்தோல் புதிதுபோலத் தெரியும். அந்த ஊதிய குடியானவனை இன்றைய நாவல்கள் அதிகம் தொடுவதில்லை. எடுத்துக்கொள்ளுங்கள்.

விதியை வைத்துக்கொள்வதானால் கடிகாரத்தைப் பாருங்கள். லண்டனில் ஜூன் 21 அன்று சூரியன் மறைய இரவு 9.20 ஆகும், விடிகாலை 4.43க்கு உதித்துவிடும். வேம்பயருக்கு ஏழரை மணி நேரம்கூடக் கிடையாது. டிசம்பரில் 16 மணி நேரம் கொண்டாட்டம். உங்கள் கதையில் ஜூலை மாதம் மாலை 6 மணிக்கு அவன் காபி குடிக்க வருகிறான். அப்போது சுள்ளென்று வெயிலடிக்கும். சென்னை இரவை மனதில் வைத்து எழுதினால் இப்படித்தான் ஆகும். பாதாள ரயிலும் எல்லா நாளும் விடிய விடிய ஓடாது. வெள்ளி, சனி இரவுகளில் மட்டும், அதுவும் ஐந்து தடங்களில்.

கே: 'ரத்தக்காட்டேரி' என்று எழுதலாமா, 'வேம்பயர்' என்றேவா? (மதுரை வாசகர்)

ப: 'வேம்பயர்'. காட்டேரி நம் பக்கத்தில் பல குடும்பங்களுக்குத் தெய்வம். பொங்கல் வைத்துக் கும்பிடுகிறார்கள். அந்தப் பெயரைச் செர்பியப் பிணத்துக்கு வைத்தால் இரண்டுமே கெடும். குமரி, கேரளப் பக்கத்து யட்சியைச் சேர்க்கலாம். சுண்ணாம்பு கேட்டு வழிமறிப்பாள், ரத்தம் குடிப்பாள். ஆனால் அவள் வேம்பயரின் தங்கை அல்ல. அவளுக்கு வேறு விதி, வேறு பலவீனம் வேண்டும்.

கே: லண்டனில் நம்பும்படியான ஒளிவிடம்? (வேலூர் வாசகி)

ப: தபால் துறையின் பாதாள ரயில். 1927 முதல் 2003 வரை பாடிங்டனிலிருந்து வைட்சேப்பல் வரை, சுமார் பத்தரை கிலோமீட்டர், ஓட்டுநரே இல்லாமல் கடிதங்களைச் சுமந்தது. மவுன்ட் பிளசன்ட் பக்கம் மட்டும் போகாதீர்கள். 2017 முதல் அங்கே சுற்றுலா ரயில் விடுகிறார்கள்.

கே: முதல் அத்தியாயத்தில் வேம்பயர் குலத்தின் வரலாற்றை நான்கு பக்கத்தில் சொல்லியிருக்கிறேன். சரியா? (நாகர்கோவில் வாசகர்)

ப: நான்கையும் வெட்டுங்கள். நீங்கள் அனுப்பிய வரிகள்: "அவன் கண்கள் சிவந்தன. அவன் 300 வயதான வேம்பயர் என்பதும், வெள்ளி அவனைச் சுடும் என்பதும் அவளுக்குத் தெரியாது." அவளுக்குத் தெரியாததை எங்களுக்கு ஏன் சொல்கிறீர்கள்? இப்படிப் பாருங்கள்: "கடைக்காரர் மீதிச் சில்லறையை நீட்டினார். அவர் விரலில் வெள்ளி மோதிரம். அவன் கையை நீட்டவில்லை; மேசைமேல் வைக்கச் சொன்னான். அவள் அதைப் பார்த்தாள்." விதி வந்துவிட்டது, அவளும் கவனித்துவிட்டாள். வயதை 90ஆம் பக்கம் வரை தள்ளிப்போடலாம்.

கே: ஆங்கிலத்தில் எழுதி, எழுத்தாளருக்காகப் பதிப்பகத்தோடு பேசும் லண்டன் ஏஜென்டுக்கு அனுப்ப எவ்வளவு நீளம்? (கோவை வாசகி)

ப: இந்த வகைக்கு 80,000 முதல் 1,00,000 சொல். பெரும்பாலும் கேட்பது ஒரு கடிதம், முதல் மூன்று அத்தியாயம், கதைச்சுருக்கம். சுருக்கத்தில் முடிவையும் எழுத வேண்டும். "மீதியை நாவலில் காண்க" என்று நிறுத்தினால் உங்களுக்கே முடிவு தெரியவில்லை என்றுதான் நினைப்பார்கள்.