வாத்தியார் பதில்கள்

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் அரசின் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுத்தாள். மாதம் ஆயிரம் ரூபாய் கொடுத்தார்கள். அதனால் பிள்ளைகள் நிஜமாகவே படித்தார்களா, வெறும் விளம்பரமா? எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகி, திருமங்கலம்

முப்பது வருஷம் தொடக்கப் பள்ளியில் இருந்தவன் நான். எந்தத் திட்டம் வந்தாலும் மேலே இருந்து கேட்பது, “எத்தனை பேர் பயனடைந்தார்கள்?” என்றுதான். ஒரு வாசிப்புத் திட்டத்துக்கு 42 பேர் என்று எழுதி அனுப்பினேன். அவர்களில் பாதிப் பேர் திட்டம் வரும் முன்பே சரளமாக வாசித்தவர்கள். நான் எழுதியது பொய்யில்லை, ஆனால் யாருக்கும் உதவாத கணக்கு.

உங்கள் கேள்விக்கு விடை கிடைத்ததில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டு. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள், கொரோனாவுக்கு முன்பே 2019-ல், நம் கிராமப் பிள்ளைகளின் கணக்கையும் தமிழையும் சோதித்து வைத்திருந்தார்கள். பள்ளிகள் திறந்தபின் 2021 டிசம்பரில் மறுபடி போனார்கள். 220 கிராமங்கள், சுமார் 19,000 பிள்ளைகள். 2019-ல் எட்டு வயதுப் பிள்ளை போட்ட கணக்கை 2021-ன் எட்டு வயதுப் பிள்ளையால் போட முடியவில்லை. தமிழில் சறுக்கல் கொஞ்சம் குறைவு.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது! இதோடு நிறுத்தியிருந்தால் பெருமை முழுவதும் மாலை வகுப்புக்கே போயிருக்கும். ஆனால் பள்ளிக்கூடம் திறந்ததே பெரிய மருந்தாயிற்றே. அதனால் ஒரே நிலையில் இருந்த பிள்ளைகளில் வகுப்புக்குப் போனவர் எவ்வளவு ஏறினார், போகாதவர் எவ்வளவு ஏறினார் என்று பிரித்துப் பார்த்தார்கள். மீண்டதில் சுமார் 24 சதவீதம் அந்த வகுப்பின் பங்கு.

“இவ்வளவுதானா?” என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். ‘மகத்தான வெற்றி’ என்ற பேனரைவிட இந்த 24-ஐத்தான் நான் நம்புவேன். ஆயிரம் ரூபாய்க்கு உங்கள் பக்கத்து வீட்டுப் பெண் போன்றவர்கள் கால் பங்கு பாரத்தைச் சுமந்திருக்கிறார்கள். அவளைப் பார்த்தால் சொல்லுங்கள்.

ஒரு திட்டம் பலன் தருகிறதா என்று சோதிக்கிறோம் எனச் சொல்லி ஓர் ஊருக்கு உதவி கொடுத்து, இன்னோர் ஊரைக் காக்க வைப்பது பாவமில்லையா?
– வாசகர், வந்தவாசி

எல்லா ஊருக்கும் கொடுக்கப் பணமும் ஆளும் இருந்து, கொடுக்காமல் விட்டால் பாவம்தான். மெக்சிகோவில் 1997-ல் ‘புரோக்ரெசா’ என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். பிள்ளையைப் பள்ளிக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் அனுப்பினால் தாயின் கையில் பணம். ஒரே நாளில் நாடு முழுக்க விரிக்க முடியாது. சரி, யாருக்கு முதலில்? ஆய்வுக்கு எடுத்த 506 ஊர்களில் குலுக்கல் முறையில் 320-க்கு முதலில் கொடுத்தார்கள், 186 ஊர்கள் காத்திருந்தன. நம் குடவோலை போலத்தான். செல்வாக்குள்ளவர் ஊர் முந்திக்கொள்வதைவிட இது மோசமா, நீங்களே சொல்லுங்கள்.

இரண்டையும் ஒப்பிட்டதில், நடுநிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், அதிலும் பெண் பிள்ளைகள், கூடியிருந்தார்கள். 2000-ல் ஆட்சி மாறியது. புது ஆட்சி, வழக்கம்போல, பெயர்ப் பலகையை மாற்றியது. ஆனால் திட்டத்தை மூடவில்லை, நகரங்களுக்கும் நீட்டியது. அந்த 186 ஊர்கள் காத்திருந்ததால் கிடைத்த கணக்கு அதற்குப் பெரிய காரணம் என்பேன். இன்னொரு பெயர் மாற்றத்துக்கும் தாக்குப்பிடித்து, 2019-ல்தான் நின்றது.