அமெரிக்கத் தேசிய வனங்களில் காசு கொடுக்காமல் கூடாரம் போடும் இடங்களை எப்படிக் கண்டுபிடிப்பது? குடும்பத்தோடு போனால் பாதுகாப்பா?

நான் அரிசோனாவில், ஃபீனிக்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். எனக்குப் பழக்கமானவை கோக்கோனினோ, கைபாப் ஆகிய இரண்டு தேசிய வனங்கள். அவற்றை வைத்துத்தான் சொல்கிறேன். கலிஃபோர்னியாவிலோ கொலராடோவிலோ இருக்கும் யாராவது ‘எங்கள் பக்கம் விதி வேறு’ என்று சொன்னால் அதுவும் உண்மையாகத்தான் இருக்கும். வனத்துக்கு வனம் விதி கொஞ்சம் மாறும்.

உங்கள் நிலைமையை ஓரளவு ஊகிக்க முடிகிறது. கிராண்ட் கேன்யன் போக நாள் குறித்துவிட்டீர்கள். பூங்காவுக்குள் இருக்கும் மேதர் முகாமில் இடமில்லை, ஆறு மாதம் முன்பே முடிந்துவிட்டது. வெளியே ஓட்டல் வாடகையைப் பார்த்ததும் மலைப்பாக இருக்கிறது. அப்போது யாரோ ‘காட்டில் இலவசமாகத் தங்கலாமே’ என்று சொல்லியிருப்பார்கள். அவர் சொன்னது சரி.

ஒன்றை முதலில் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். தேசியப் பூங்கா வேறு, தேசிய வனம் வேறு. பூங்காக்கள் உள்துறையின் கீழ் வருகின்றன. வனங்கள் 1905-இல் தொடங்கப்பட்ட வனச் சேவையின் பொறுப்பில், வேளாண் துறையின் கீழ் இருக்கின்றன. மொத்தம் 154 வனங்கள். பூங்காவில் நினைத்த இடத்தில் கூடாரம் போட முடியாது. வனத்தில் ‘கூடாது’ என்று சொல்லப்படாத பெரும்பாலான இடங்களில் போடலாம். இதை இங்கே ‘டிஸ்பர்ஸ்டு கேம்பிங்’ என்பார்கள். கழிப்பறை கிடையாது, குழாய் கிடையாது, மேசை கிடையாது, குப்பைத் தொட்டி கிடையாது. முன்பதிவும் கிடையாது. கோக்கோனினோவில் 30 நாட்களுக்குள் 14 நாட்கள் வரை தங்கலாம்.

ஆகவே நீங்கள் தேடும் ‘இடங்களின் பட்டியல்’ என்று ஒன்று இல்லை. எந்தச் சாலை என்பதை வரைபடத்தில் கண்டுபிடிக்க வேண்டும். இடம் எது என்பதைப் பகல் வெளிச்சத்தில் நேரில் போய்க் கண்டுபிடிக்க வேண்டும். இந்த இரண்டு வாக்கியங்களைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு முழு இரவு ஆனது.

2021 ஆகஸ்ட். ஜூன் மாதமே போவதாக இருந்தோம். ஆனால் அந்த ஜூனில் தீ அபாயம் காரணமாகக் கோக்கோனினோ வனம் முழுவதையும் மூடிவிட்டார்கள். ஜூலையில் மழை பிடித்ததும் திறந்தார்கள். இங்கும் அந்த மழைக்கு மான்சூன் என்றுதான் பெயர். ஃபீனிக்ஸில் வெயில் கொளுத்தும்போது அந்த வனத்தை ஒட்டிய ஃபிளாக்ஸ்டாஃப் நகரம் ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில், கொடைக்கானலைப் போலக் குளிர்ந்து கிடக்கும். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து மாலை ஐந்தரைக்குத்தான் கிளம்பினோம். மனைவி, நான்கு வயது மகள், நான். ஒரு செயலியில் யாரோ குறித்து வைத்திருந்த புள்ளி ஒன்று மார்மன் ஏரிக்குப் போகும் வழியில் இருந்தது. ஐந்து நட்சத்திர மதிப்பீடு. ‘எந்தக் காரும் போகும்’ என்று எழுதியிருந்தார்கள்.

தார்ச்சாலையை விட்டு இறங்கும்போது மணி ஒன்பதரை. முதல் சாலை சரளைக்கல் போட்டது, நன்றாக இருந்தது. புள்ளி அதிலிருந்து பிரியும் கிளைச் சாலையில் இருந்தது. முனையில் பழுப்பு நிறத்தில் மெல்லிய கம்பம் ஒன்று, அதில் இலக்கங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக. அதற்கு ஏதாவது பொருள் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அன்று மதியம் அங்கே மழை பெய்திருக்கிறது. முந்நூறு மீட்டர் போயிருப்போம், வண்டி பக்கவாட்டில் வழுக்கி நின்றது. அது களிமண் பூமி. நனைந்தால் சக்கரத்தின் பள்ளங்களெல்லாம் நிரம்பி, சக்கரம் வழவழப்பான உருளையாகிவிடும். எங்களுடையது தாழ்வான கார். முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. தொலைபேசியில் ஒரு கோடுகூட இல்லை.

மறுபடி மழை தொடங்கியது. தெரியாத இடத்தில், இருட்டில், பைன் மரங்களுக்கு நடுவே மின்னல் வெட்டும்போது மரத்தடியில் கூடாரம் போட எனக்குத் துணிவு வரவில்லை. அவசரத்தில் பிரித்த கூடாரத்தை நனைந்தபடியே சுருட்டிப் பின்னால் போட்டுவிட்டு மூவரும் காரிலேயே படுத்தோம். மகள் தூங்கிவிட்டாள். மனைவி என்னை ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. அவள் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

காலை ஆறரைக்கு ஒரு பெரியவர் பிக்கப் வண்டியில் நாயோடு வந்தார். எதுவும் கேட்கவில்லை. இழுவைப் பட்டையைக் கட்டி எங்கள் காரைப் பின்பக்கமாகவே சரளைச் சாலை வரை இழுத்துவிட்டார். பணம் நீட்டினேன், வாங்கவில்லை. அந்தக் கம்பத்தின் அருகே என்னைக் கூட்டிப் போய் நிறுத்திக் காட்டினார். அவர் காட்டியதை நம் மொழியில் இப்படிச் சொல்லலாம்: எண் படுத்திருந்தால் உன் கார் போகும், எண் நின்றிருந்தால் போகாது. சாலை எண்ணைப் பலகையில் கிடைமட்டமாக எழுதியிருந்தால் அது சாதாரணக் கார்களை மனத்தில் வைத்துப் பராமரிக்கப்படும் சாலை. செங்குத்தாக எழுதியிருந்தால் தரையிலிருந்து உயர்ந்த வண்டிகளுக்கானது. எத்தனை ஆயிரம் மதிப்பீடுகளைப் படித்திருந்தேன், ஒருவர்கூட இதை எழுதவில்லை.

அடுத்து வரைபடம். ஒவ்வொரு தேசிய வனமும் ‘மோட்டார் வாகனப் பயன்பாட்டு வரைபடம்’ என்று ஒன்றை வெளியிடுகிறது. எம்.வி.யூ.எம். என்று கேட்டால் வனச் சேவையின் வட்டார அலுவலகமான ரேஞ்சர் அலுவலகத்தில் கொடுப்பார்கள். இலவசம். அவென்சா செயலியில் இறக்கிக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும். கறுப்பு வெள்ளையில், மலையோ மரமோ எதுவும் இல்லாமல், பார்க்க வறட்சியாக இருக்கும். அதனால்தான் பலரும் அதைத் தள்ளிவிடுகிறார்கள். ஆனால் எந்தச் சாலையில் வண்டி ஓட்டச் சட்டப்படி அனுமதி உண்டு என்பதைச் சொல்லும் வரைபடம் அதுதான். அதில் இல்லாத சாலை, கண்ணெதிரே தெளிவாகத் தெரிந்தாலும் உங்களுக்கு இல்லை. சில சாலைகளின் ஓரமாகச் சிறு புள்ளிகள் வரிசையாகப் போகும். அந்தப் பகுதிகளில் கூடாரம் போடுவதற்காக வண்டியைச் சாலையிலிருந்து உள்ளே கொண்டுபோகலாம். கோக்கோனினோவில் 300 அடி வரை. புள்ளி இல்லாத இடங்களில் வண்டியைச் சாலையோரத்தில் நிறுத்திவிட்டுச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும்.

அங்கே போனதும் ஏற்கெனவே ஆட்கள் தங்கிய தடம் இருக்கும் இடமாகப் பாருங்கள். புல் தேய்ந்திருக்கும், கல் அடுக்கிய பழைய அடுப்பு இருக்கும். புதிதாக ஓர் இடத்தை மிதித்து உண்டாக்காதீர்கள். ஓடையிலிருந்தும் ஏரியிலிருந்தும் 200 அடியாவது தள்ளிப் போடுங்கள். காய்ந்த மரத்தடி வேண்டாம். தலைக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் தண்ணீர் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். சாப்பாட்டை இரவில் காருக்குள் வைத்துப் பூட்டுங்கள், கருங்கரடிகள் உண்டு. சூரியன் மறைய இரண்டு மணி நேரமாவது இருக்கும்போது போய்ச் சேருங்கள். கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்புக்குப் போகிறவர்கள் டுசயான் ஊரை ஒட்டிய கைபாப் வனத்தில் 302ஆம் எண் சாலைப் பக்கம் பார்க்கலாம். அது எல்லோரும் அறிந்த சாலை என்பதால் சொல்கிறேன்.

நான் தங்கும் மற்ற இடங்களின் வரைபடப் புள்ளிகளை இங்கே போடவில்லை. சுயநலம் என்று பின்னூட்டத்தில் எழுதப்போகிறவர்கள், செடோனா ஊருக்கு மேற்கே 525ஆம் எண் சாலைப் பக்கம் என்ன ஆனது என்று பாருங்கள். இணையத்தில் புள்ளி வைத்து வைத்தே கூட்டம் பெருகி, குப்பையும் மலமும் சேர்ந்து, இப்போது குறிக்கப்பட்ட இடங்களில் மட்டுமே தங்கலாம் என்று ஆகிவிட்டது.

‘ஓட்டல் காசை மிச்சம் பிடிக்கப் பெண் குழந்தையைக் காட்டில் படுக்க வைக்கிறான்’ என்று ஒரு விருந்தில் என் காதுபடவே பேசினார்கள். கூடாரம், பாய், அடுப்பு, பெட்ரோல் எல்லாவற்றையும் கூட்டினால் முதல் ஆண்டு ஓட்டலைவிட அதிகமாகவே செலவானது. மகளுக்குப் பால்வீதியைக் கண்ணால் காட்ட வேண்டும் என்று போனேன். பாண்டரோசா பைன் மரப்பட்டையில் மூக்கை வைத்து ‘ஐஸ்கிரீம் வாசனை’ என்று அவள் சொன்னாள். உண்மையிலேயே வெயில் பட்ட பட்டையில் வெனிலா வாசனை வரும். இதை அந்த விருந்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இங்கே சொல்கிறேன்.

அந்த நனைந்த கூடாரத்தின் கதையையும் சொல்லியாக வேண்டும். ஊர் திரும்பியதும் அதைப் பால்கனியில் விரித்துக் காயவைத்தேன். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடித்து இரண்டே வாரத்தில் துணி வீணாகிவிடும். மறுநாள் குடியிருப்பு நிர்வாகத்திலிருந்து அபராதச் சீட்டு வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அசிங்கமாகத் தெரிகிறதாம். அடுத்த ஆண்டு அப்பாவும் அம்மாவும் வந்திருந்தபோது அம்மா தன் புடவையைக் கம்பியில் போட்டதற்கும் ஒரு சீட்டு. ஆண்டில் முந்நூறு நாள் வெயில் அடிக்கும் ஊரில், எழுபது வயதுப் பெண் ஒரு நூல் புடவையை வெயிலில் காயப்போடக் கூடாது, மின்சாரம் செலவழித்து இயந்திரத்தில்தான் சுழற்ற வேண்டும் என்றால் அது என்ன நியாயம்? அம்மா அதற்குப் பிறகு குளியலறைக்குள்ளேயே கயிறு கட்டிக்கொண்டார். கேள்விக்குத் தொடர்பில்லைதான். ஆனாலும் எனக்கு இன்னும் ஆறவில்லை. கூடாரத்தைக் காயவைக்க உங்களுக்கு ஓர் இடம் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்பாவை 2022 செப்டம்பர் கடைசியில் காட்டுக்கு அழைத்துப் போனேன். எங்கள் ஊர் போடிநாயக்கனூர். வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டி இரவில் தங்குவது என்பது எங்கள் பக்கத்தில் நினைத்துப் பார்க்கக்கூடிய காரியம் அல்ல. கூடாரத்தைக் கட்டி முடித்ததும் அப்பா கேட்டார்: “தம்பி, யாரிடம் கேட்டுவிட்டு இங்கே படுக்கிறோம்?” யாரிடமும் கேட்க வேண்டியதில்லை அப்பா, இது பொது நிலம் என்றேன். அவர் நம்பவில்லை. குரங்குத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, யாராவது வருவார்கள் என்று சாலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருட்டியதும் எல்க் மான்கள் கூவ ஆரம்பித்தன. புல்லாங்குழலின் உச்ச ஸ்தாயியில் தொடங்கி உறுமலில் முடியும் குரல். அப்போதுதான் சாலையை விட்டுக் காட்டுப் பக்கம் திரும்பினார்.

நான் தீ மூட்டப் போனபோது “வேண்டாம்” என்றார். அன்று தடை எதுவும் இல்லை, அனுமதி இருந்தது. அப்படியும் வேண்டாம் என்றார். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, இரவெல்லாம் எங்கள் ஊர்த் தெருவில் ஆம்புலன்ஸ் ஓடியதைக் கேட்டவர் அவர். நான் வற்புறுத்தவில்லை. எரிவாயு அடுப்பில் சுக்குக் காப்பி போட்டோம்.

மறுநாள் 89ஆம் எண் நெடுஞ்சாலை வழியாகக் கிராண்ட் கேன்யனுக்குப் போகும்போது ஃபிளாக்ஸ்டாஃபுக்கு வடக்கே உள்ள சான் ஃபிரான்சிஸ்கோ சிகரங்களின் சரிவு கருகிக் கிடந்தது. அந்த ஜூனில் பைப்லைன் தீ என்று ஒன்று பிடித்து 26,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. பிறகு மழைக்காலத்தில் அந்த மொட்டைச் சரிவிலிருந்து வெள்ளம் இறங்கி ஃபிளாக்ஸ்டாஃபின் வடக்குப் பகுதி வீடுகளுக்குள் புகுந்தது. தீ தொடர்பாகக் கைதானவர் நம்மைப் போலவே காட்டில் தங்கியிருந்த ஒருவர். கழிப்பறைக் காகிதத்தை எரித்துப் பாறைக்கு அடியில் வைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அப்பாவிடம் இதைச் சொன்னபோது ஒன்றும் பேசவில்லை. ஜன்னலை இறக்கிவிட்டு மலையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கழிப்பறைக் காகிதத்தை எரிக்காதீர்கள், பையில் கட்டித் திரும்பக் கொண்டுவாருங்கள். மலம் கழிக்கத் தோண்டும் குழி ஆறிலிருந்து எட்டு அங்குல ஆழம் இருக்கட்டும். தீ அபாயத்தைப் பொறுத்து நிலை நிலையாக அறிவிக்கும் தீக் கட்டுப்பாட்டின் முதல் நிலை வந்திருந்தாலே இந்த இலவச இடங்களில் விறகுத் தீ கூடாது, திருகி அணைக்கக்கூடிய எரிவாயு அடுப்பு மட்டும்தான். தடை இல்லாத நாளில் மூட்டினால், தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, சாம்பலில் கை வைத்தால் சூடே தெரியாத அளவுக்கு ஆற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

பாதுகாப்பா என்று கேட்டிருந்தீர்கள். பிறகு பலமுறை போயிருக்கிறோம், மனிதர்களால் எங்களுக்கு ஒரு தொல்லையும் வந்ததில்லை. எல்லோருக்கும் அப்படியே இருக்கும் என்று நான் உறுதி தர மாட்டேன். எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். கிளம்பும் முன் ரேஞ்சர் அலுவலகத்தை அழைத்து மூன்று கேள்வி கேளுங்கள்: இப்போது தீக் கட்டுப்பாடு எந்த நிலையில் இருக்கிறது, இந்த எண் சாலை காய்ந்திருக்கிறதா, என் வண்டி தாழ்வான கார், போகுமா. வியாழக்கிழமையே அழைத்துவிடுங்கள். சனி ஞாயிறில் பல அலுவலகங்கள் மூடியிருக்கும்.