பாட்டி குறிப்பேட்டில் உள்ளபடி கமர்கட்டு செய்தும் ஏன் கெட்டியாக வருவதில்லை?

நீங்கள் கொடுத்திருக்கும் குறிப்பு: “தேங்காய் 1, வெல்லம் 8 பலம், ஏலம் 4, நெய் கொஞ்சம். உருட்டுப் பதத்தில் தேங்காயைப் போட்டுக் கிளறி உருட்டவும்.” செய்த அன்று மெத்தென்று இருந்தது, மறுநாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது என்கிறீர்கள். குறிப்பில் தப்பே இல்லை. எழுதியவருக்குக் கைப்பழக்கமாகிவிட்ட ஒரு காரியம் மட்டும் அதில் விட்டுப்போயிருக்கிறது. கமர்கட்டுக்குப் பதம் இரண்டு முறை பார்க்க வேண்டும்: பாகில் ஒரு முறை, தேங்காய் சேர்ந்து சுருண்ட பிறகு இன்னொரு முறை. நீங்கள் முதல் பதத்தை நம்பி இறக்கிவிட்டீர்கள்.

பச்சைத் தேங்காயில் எடைக்குக் கிட்டத்தட்டப் பாதி தண்ணீர்தான். 200 கிராம் துருவலைப் பாகில் கொட்டுவது, கூடவே அரை டம்ளர் தண்ணீரை ஊற்றுவது மாதிரி. அருமையாக வந்திருந்த உருட்டுப் பதம் அந்த நிமிடமே இளகிப் பின்னால் போய்விடும். அந்தத் தண்ணீர் வற்றி, பாகு விட்ட இடத்தைத் தாண்டிக் கெட்டிப்பட்டால்தான் கடித்தால் பல் உணரும் கமர்கட்டு.

முதலில் அளவு. 8 பலம் என்பது ஒரு சேர், இன்றைய கணக்கில் 280 கிராம். “தேங்காய் 1” என்பதை மட்டும் அப்படியே எடுக்காதீர்கள், காய்க்குக் காய் வித்தியாசம் அதிகம். பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பெரிய காய் ஒன்றில் இதற்கு வேண்டியதைவிட நிறையவே துருவல் தேறும். துருவி நிறுத்து, 280 கிராம் வெல்லத்துக்கு 180 முதல் 200 கிராம் வரை எடுங்கள். அதைத் தாண்டினால் பாகு பிடிக்காது, உருண்டை உதிரும்.

காய் முற்றியதாக இருக்கட்டும். இளங்காயில் தண்ணீர் கூடுதல். கொப்பரையாகத் தொடங்கிய காயோ எண்ணெய் கக்கும். துருவல் பொடியாக விழ வேண்டும். நீள நீளமாக இருந்தால் உருண்டையில் விரிசல் விடும். துருவியதை வெறும் வாணலியில், சின்னத் தணலில் ஆறேழு நிமிடம் புரட்டுங்கள். நிறம் மாறக் கூடாது. ஒரு பிடி அள்ளிப் பிடித்துவிட்டால் கையில் ஒட்டாமல் உதிர வேண்டும், அதுதான் அடையாளம். பழைய குறிப்புகள் பலவற்றில் இந்த வேலை இருக்காது, ஆனால் இன்றைக்கு ஃபிரிட்ஜில் வைத்த தேங்காயை எடுத்துத் துருவுகிறவர்களுக்கு இது அவசியம்.

வெல்லத்தில்தான் பாதி விஷயம் இருக்கிறது. பாபநாசம் வட்டாரத்தில் வீரமாங்குடி, அய்யம்பேட்டைப் பக்கம் காய்ச்சும் அச்சு வெல்லம் கிடைத்தால் அதுவே போதும். உடைத்துப் பாருங்கள். படக்கென்று முறிந்து, உள்ளே மணிமணியாக மின்னினால் நல்ல வெல்லம். விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து, உள்ளே ஈரமாகக் கறுத்திருந்தால் அது மழைக்காலத்தில் நீர்த்த சரக்கு. பாயசத்துக்கு ஆகும், கமர்கட்டுக்கு ஆகாது, எவ்வளவு காய்ச்சினாலும் மறுநாள் கசியும். வெளேரென்ற மஞ்சளில் இருப்பதையும் தவிர்த்துவிடுங்கள். நிறத்துக்காக ஹைட்ரோஸ் என்னும் வெளுக்கும் ரசாயனம் போட்டிருக்கலாம். சர்க்கரை கலந்திருந்தால் பாகு பூத்துப்போய் உருண்டை மணல் மாதிரி நறநறக்கும்.

அடிகனமான இரும்பு வாணலி அல்லது வெண்கல உருளி எடுத்துக்கொள்ளுங்கள். வெல்லத்தை நுணுக்கி, கால் டம்ளர் தண்ணீர் விட்டுக் கரைந்ததும் வடிகட்டுங்கள். மண்ணும் சக்கைத்தூளும் கட்டாயம் இருக்கும். மறுபடி அடுப்பேற்றி நடுத்தரத் தீயில் காய்ச்சினால் முதலில் பெரிய நுரையாகப் பொங்கும். பிறகு நுரை சிறுத்து, கனத்து, ‘பொளக் பொளக்’கென்று மெதுவாக வெடிக்கும். அப்போது ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு சொட்டு விடுங்கள். கரையாமல் திரண்டு, விரலால் எடுத்தால் உருண்டையாகி, அழுத்தினால் நசுங்குவது தக்காளிப் பதம். அதற்குச் சற்று மேலே, அழுத்தத்துக்கு எதிர்த்து நிற்பது உருட்டுப் பதம். சர்க்கரைத் தெர்மாமீட்டர் இருந்தால் 120 டிகிரி செல்சியஸ் வாக்கில் காட்டும். தேங்காய் போட வேண்டியது இங்கே.

போட்டதும் தீயைக் குறைத்து, கை விடாமல் கிளறுங்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் அடியில் வெல்லம் தீய்ந்து கசப்பேறும், அந்தக் கசப்பை எதனாலும் எடுக்க முடியாது. கலவை பாத்திரத்தை விட்டு விலகி, கரண்டியோடு ஒரே திரளாகச் சுற்றி வரும்போது ஒரு தேக்கரண்டி நெய், ஏலப்பொடி சேருங்கள். கால் தேக்கரண்டி சுக்குப்பொடி என் சிபாரிசு. தேங்காயின் திகட்டலை அது முறிக்கும். நெய்யை அதற்கு மேல் விட வேண்டாம், உருண்டை பிடிக்காமல் வழுக்கும்.

இப்போது இரண்டாவது பதம். முதலில் அடுப்பை அணையுங்கள். உருளியின் சூடே இன்னும் ஒரு நிமிடம் வேலை செய்யும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதம் தாண்டிவிடும். சுண்டைக்காய் அளவு எடுத்துத் தண்ணீரில் போட்டு அரை நிமிடம் விடுங்கள். வெளியே எடுத்துத் துடைத்து, ஒரு சாண் உயரத்திலிருந்து தாம்பாளத்தில் போடுங்கள். ‘தொப்’பென்று விழுந்தால் இன்னும் இரண்டு நிமிடம் கிளற வேண்டும். ‘டக்’கென்று கல் விழுகிற சத்தம் வந்தால் வந்துவிட்டது. கண்ணைவிடக் காதை நம்புங்கள். தேங்காய் கலந்தபின் பார்வைக்கு எல்லாப் பதமும் ஒன்று போலத்தான் இருக்கும்.

உருட்டுவது இரண்டு பேர் வேலை. உள்ளங்கையில் நெய் தொட்டுக்கொண்டு, அரைநெல்லிக்குச் சற்றுப் பெரிதாக, சூட்டோடு உருட்ட வேண்டும். இந்த அளவுக்கு 35 முதல் 40 உருண்டை வரும். சூடாக இருக்கும்போது தட்டில் வைத்ததும் அடி தட்டையாகிவிடும், அதனால் ஒருவர் பிடித்துப் போட, மற்றவர் ஐந்து நிமிடம் கழித்து அரிசிமாவு தூவிய தாம்பாளத்தில் இன்னொரு சுற்று உருட்டிவிடுவது நல்லது. கலவை இறுகிவிட்டால் தண்ணீர் தெளிக்கவே கூடாது. வாணலியைக் காய்ந்த தோசைக்கல் மேல் வையுங்கள், இளகிக் கொடுக்கும். பாகு கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். பக்கத்தில் ஒரு பாத்திரம் பச்சைத்தண்ணீர் இருக்கட்டும், குழந்தைகளை உருட்டக் கூப்பிடாதீர்கள்.

எலுமிச்சைச் சாறு விடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அது சர்க்கரைப் பாகு பூக்காமல் இருக்கச் செய்வது. நல்ல வெல்லத்தில் அந்த வேலையைச் செய்யும் சர்க்கரை வகை ஏற்கெனவே உண்டு, புளிப்பு சேர்த்தால் அது இன்னும் கூடி ஈரத்தை இழுக்கும். ஒட்டுகிறது என்ற உங்கள் புகார் அதிகமாகும்.

ஒட்டுவதற்குப் பருவமும் காரணம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டெல்டாவில் உப்பே கசிகிறது. வெல்லம் எப்படி நிற்கும்? நாகை, வேதாரண்யம் மாதிரிக் கடலோர ஊர்களில் இன்னும் மோசம். புது வெல்லம் வந்து காற்றும் காய்ந்திருக்கும் மாசி, பங்குனிதான் கமர்கட்டுக்கு ஏற்ற மாதங்கள். மழையில் செய்தே ஆக வேண்டுமானால் பதத்தை ஒரு மயிரிழை கூட்டி, முழுக்க ஆறியதும் ஒவ்வொன்றையும் பட்டர் பேப்பரில் சுற்றி, ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் இறுக மூடுங்கள். சூட்டோடு மூடினால் ஆவி வேர்த்து எல்லாம் கட்டியாகிவிடும். ஃபிரிட்ஜிலும் வைக்காதீர்கள், வெளியே எடுத்ததும் மேலெல்லாம் வேர்க்கும். 15, 20 நாளைக்குள் தின்று தீர்த்துவிட வேண்டும், பிறகு தேங்காய் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும்.

இப்போது ஒட்டிக்கிடக்கும் அந்த உருண்டைகளைத் தூக்கிப் போடாதீர்கள். இரண்டு கரண்டி தண்ணீரோடு வாணலியில் போட்டு, சின்னத் தீயில் இளக்கி, மறுபடி திரண்டு வரும்வரை கிளறி, தாம்பாளத்தில் ‘டக்’ சத்தம் கேட்டதும் இறக்கி உருட்டுங்கள். நிறம் கொஞ்சம் கறுக்கும், தேங்காய் வாசம் சற்றுக் குறையும், ஆனால் கெட்டியாக நிற்கும்.