ஹாம்ப் செஞ்சது தப்புதானே? – கடிதம்

வணக்கம் சார்,

நீங்க சொன்ன 'கிங் அண்ட் கன்ட்ரி' படம் பாத்தேன், 1964ல ஜோசப் லோசி எடுத்தது. முதல் உலகப்போர்ல சண்டைய விட்டு நடந்து போன ஹாம்ப்ங்கற பிரிட்டிஷ் சிப்பாய ராணுவ கோர்ட்ல நிறுத்துற கதை. மனசு கனத்துப்போச்சு. ஆனா ஒண்ணு உறுத்துது. மத்தவன் எல்லாம் சேத்துல கிடந்து சண்டை போடுறப்ப ஹாம்ப் மட்டும் கிளம்பிப் போனது தப்புதானே? அவனுக்காக வாதாடுன கேப்டனே ஏன் கடைசில அவன சுடணும்?

– ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

அவன் போனத படம் மறைக்கவே இல்லையே, கேட்டா அவனே ஆமா நடந்து போனேங்கறான். 1914ல தானா வந்து பட்டாளத்துல சேந்தவன், கூட சேந்த அத்தனை பேரும் செத்து இவன் ஒருத்தன் மிஞ்சி நிக்கிறான், முடியலன்னு டாக்டர்கிட்ட போனா அந்தாளு பேதி மாத்திரை குடுக்குறாரு. ஹாம்ப்பா நடிச்ச டாம் கோர்ட்னி இதையெல்லாம் எவ்ளோ வெள்ளந்தியா சொல்றாரு பாருங்க, தன்ன கொன்னுடுவாங்கன்னே அந்த மூஞ்சிக்கு உறைக்கல.

நீங்க தப்பா இல்லையான்னு கேக்குறீங்க, படம் கேக்குறது வேற. கோர்ட் குற்றவாளின்னு சொல்லுது, கூடவே கருணை காட்டுங்கன்னும் எழுதுது. அத தள்ளுறது அந்த ரூமுக்கே வராத மேலிடம், ஏன்னா அவனோட படைப்பிரிவு மறுபடி சண்டைக்குப் போகுது, மத்தவனுக்குப் பயம் இருக்கணும். நிஜத்துலயும் இப்படித்தான். முதல் உலகப்போர்ல பிரிட்டிஷ் ராணுவ கோர்ட்டுங்க விதிச்ச மரண தண்டனைல பத்துக்கு ஒம்போது ரத்தாச்சு. ஒவ்வொரு ஃபைலும் பிரிகேட், டிவிஷன்னு ஒவ்வொரு பெரிய படைப்பிரிவா ஏறி, தலைமைத் தளபதியான கமாண்டர்-இன்-சீஃப் வரைக்கும் போகும், வழியில ஒவ்வொரு அதிகாரியும் குறிப்பு எழுதணும், அந்த யூனிட்ல ஒழுங்கு எப்படி, ஒருத்தன சுட்டா மத்தவங்க அடங்குவாங்களான்னு. அப்போ ஒருத்தன் உசுரு அவன் செஞ்சத மட்டும் வச்சா முடிவாச்சு? எனக்கு ஆத்திரமே இதுலதான்.

கேப்டன பத்தி. அந்த வேஷத்துல நடிச்ச டர்க் போகார்ட் ஆரம்பத்துல ஹாம்ப்ப ஒரு புழுவப் பாக்குற மாதிரிதான் பாக்குறாரு, பேசப் பேசத்தான் மனசு மாறுது. ஆனா சட்டையில இருக்குறது அதே யூனிஃபார்ம். சுட வந்த பசங்களுக்கு கை வரல, குண்டு பட்டும் உசுரு போகல, அத முடிச்சு வைக்க வேண்டியது இவர் தலைல விழுது. கருணைன்னும் சொல்லலாம், ஆனா ராணுவம் தன் வேலைய அவர் கையாலயே முடிச்சுக்கிட்டதுன்னுதான் நான் பாக்குறேன்.

இப்படி சுடப்பட்ட 306 பேருக்கு 2006ல பிரிட்டிஷ் பார்லிமென்ட் சட்டம் போட்டு மன்னிப்பு குடுத்துச்சு. ஆனா அந்த சட்டத்துலயே, இதனால பழைய தீர்ப்பும் தண்டனையும் மாறாதுன்னும் எழுதி வச்சிருக்காங்க.