பிரெடிக்டில் கட்டி அளவு மி.மீ.யில்தான் போட வேண்டும்

மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பின் உயிர்வாழும் வாய்ப்பைக் கணக்கிடும் இணையக் கருவிதான் பிரெடிக்ட். உங்கள் அக்காவின் ஆபரேஷன் ரிப்போர்ட்டில் கட்டி 2.4 செ.மீ. என்றிருக்க, நீங்கள் கட்டத்தில் 2.4 என்றே போட்டிருக்கிறீர்கள். பிரெடிக்ட் கேட்பது மி.மீ. 24 என்று மாற்றுங்கள். உயிர்வாழும் சதவீதம் இறங்கும், பதறாதீர்கள். முதலில் வந்ததுதான் தப்புக் கணக்கு.

நெறிகட்டி '3/14' (எடுத்துப் பார்த்த 14-இல் 3-இல் புற்றுநோய்) என்றால் 3 மட்டும் போடுங்கள். அளவில் ஊடுருவும் புற்றுநோயை மட்டும் எடுங்கள், பால்குழாய்க்குள்ளேயே நிற்கும் டி.சி.ஐ.எஸ். பகுதியைச் சேர்க்காதீர்கள். செல்கள் பெருகும் வேகத்தைக் காட்டும் கேஐ-67 பார்க்கவில்லையா, 'தெரியாது' கொடுங்கள்; ஊகித்துப் போடுவது வேண்டாம்.

ஒன்று கேட்க மறந்தேன்: ஆபரேஷனுக்கு முன்பே கீமோ கொடுத்தார்களா? அப்படியானால் இதை மூடிவிடுங்கள். மருந்தில் சுருங்கிய கட்டியின் அளவுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. இல்லையென்றாலும், இங்கிலாந்து நோயாளிகளின் தரவில் உருவானது இது. அக்கா போன்ற நூறு பேரில் எத்தனை பேர் உயிரோடு இருப்பார்கள் என்றுதான் சொல்லும். அச்செடுத்து டாக்டரிடம் காட்டுங்கள்.