கடும் நோயின்போது கலிபோர்னியாவில் இயலாமைக் காப்பீடும் வேலையிழப்பு உதவித்தொகையும்: கேள்வி பதில்

ஒரு நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். 2019-இல் எனக்கு மார்பகப் புற்றுநோய் வந்தபோது, பிறருக்காக நிரப்பிக்கொண்டிருந்த படிவங்களை எனக்காகவே நிரப்ப வேண்டியிருந்தது. அதன் பிறகு இங்குள்ள பல தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த வேலையில் உதவி வருகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. கீழே உள்ள தொகைகள் 2025-ஆம் ஆண்டுக்கு உரியவை. அவற்றில் சில ஒவ்வொரு ஜனவரியிலும் மாறும்.

அக்கா, அடுத்த திங்கட்கிழமை எனக்குக் குடலில் அறுவை சிகிச்சை. பரிசோதனை முடிவு வந்ததிலிருந்து கையும் காலும் ஓடவில்லை. வேலை செய்ய முடியாத நாட்களுக்கான இயலாமைக் காப்பீட்டுக்கு இன்றே விண்ணப்பித்துவிடலாமா? (சன்னிவேல்)

இன்று விண்ணப்பிக்க முடியாது, தம்பி. வழக்கமான வேலையைச் செய்ய இயலாமல் போகும் முதல் நாளிலிருந்து 9 நாள் கழிந்த பிறகுதான் இ.டி.டி. என்று நாம் அழைக்கும் மாநில வேலைவாய்ப்பு மேம்பாட்டுத் துறை மனுவை ஏற்கும். அதே முதல் நாளிலிருந்து 49 நாளுக்குள் உங்கள் மனுவும் மருத்துவரின் சான்றும் அவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். முதல் 7 நாளுக்குப் பணம் கிடையாது. இயலாமை தொடங்கிய முதல் 8 நாளுக்குள் மருத்துவர் ஒருவரின் கவனிப்பில் வந்திருக்க வேண்டும் என்பதும் விதி; அறுவை சிகிச்சைக்குப் போகிறவருக்கு இது தானாகவே நிறைவேறிவிடும்.

இந்தப் பணத்தை வாங்கத் தயங்காதீர்கள். உங்கள் சம்பளச் சீட்டில் எஸ்.டி.ஐ. (மாநில இயலாமைக் காப்பீடு) என்ற பெயரில் 2025-இல் 1.2 விழுக்காடு பிடித்தார்கள். 2024 முதல் அந்தப் பிடித்தத்துக்கு உச்சவரம்பும் இல்லை. 1946-இலிருந்து தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து கட்டி வரும் காப்பீடு இது. யாரும் நமக்குப் போடும் தர்மம் இல்லை.

நடைமுறையில் மனு சிக்கிக்கொள்ளும் இடம் மருத்துவரின் சான்றுதான். இணையத்தில் உங்கள் பகுதியைச் சமர்ப்பித்தவுடன், ஆங்கில 'ஆர்' எழுத்தில் தொடங்கும் ரசீது எண் ஒன்று திரையில் வரும். அந்த எண்ணைக் கொண்டுதான் மருத்துவர் தம் பகுதியை உங்கள் மனுவோடு இணைப்பார். நான் அந்த எண்ணை ஒரு மஞ்சள் தாளில் எழுதி வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிட்டேன். முப்பத்திரண்டாம் நாள் விசாரித்தபோது, அந்தத் தாள் என் கோப்பின் பின்னட்டையில் ஒட்டிய நிலையிலேயே இருந்தது. யாரும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஆகவே, மருத்துவமனையில் படிவங்களைக் கவனிக்கும் ஊழியரின் பெயரை அறுவை சிகிச்சைக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எண் கைக்கு வந்ததும் அவருக்கே நேரடியாக அனுப்பி, ஒரு வாரம் கழித்து வீட்டில் ஒருவரைத் தொலைபேசியில் கேட்கச் சொல்லுங்கள். உங்கள் நிறுவனம் மாநிலத் திட்டத்துக்குப் பதிலாகச் சொந்தமாகத் தன்னார்வத் திட்டம் நடத்துகிறதா என்றும் மனிதவளப் பிரிவில் கேளுங்கள். அப்படியானால் மனு அவர்களிடம்தான் போக வேண்டும்.

எவ்வளவு கிடைக்கும்? என் மனைவி பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம் சம்பளமில்லாமல் வீட்டில் இருந்தவர். இப்போது அவருக்குச் சிறுநீரகக் கோளாறு. (சான் ரமோன்)

மனு தொடங்கும் தேதிக்கு ஏறக்குறைய 5 முதல் 18 மாதத்துக்கு முன் ஈட்டிய சம்பளத்தைத்தான் கணக்கில் எடுப்பார்கள். மனு ஜனவரி முதல் மார்ச்சுக்குள் தொடங்கினால், முந்தைய செப்டம்பர் 30-இல் முடிந்த 12 மாதம். ஏப்ரல் முதல் ஜூனுக்குள் என்றால் டிசம்பர் 31-இல் முடிந்த 12 மாதம். மற்ற இரண்டு காலாண்டுகளும் இதே கணக்கில் நகரும். அந்த 12 மாதத்தில் எந்தக் காலாண்டில் அதிகம் ஈட்டினாரோ, அதை 13-ஆல் வகுத்து, அதில் 70 விழுக்காடு தருவார்கள். சம்பளம் குறைந்தவர்களுக்கு 90 வரை. உயர்ந்த காலாண்டில் 26,000 டாலர் ஈட்டியவருக்கு வாரம் 2,000 என்று வந்து, அதில் 1,400 கிடைக்கும். 2025-இல் வாரத்துக்கு 1,681 டாலருக்கு மேல் யாருக்கும் கிடைக்கவில்லை.

ஒரு நல்ல காலாண்டு போதும் என்பதால், உங்கள் மனைவியின் ஆறு மாத இடைவெளி அஞ்சுகிற அளவுக்குப் பாதிக்காது. குறைந்தபட்சத் தகுதிக்கு அந்த 12 மாதத்தில் 300 டாலர் ஈட்டியிருந்தாலே போதும். ஆனால் மொத்தத் தொகை வாரத் தொகையின் 52 மடங்கு அல்லது அந்த 12 மாதச் சம்பளம், இரண்டில் எது குறைவோ அதுதான். அந்த இடத்தில் இடைவெளி சற்று உறைக்கலாம். மருத்துவ ரீதியாக அவசரமில்லாத சிகிச்சை என்றால், அது மார்ச் கடைசியிலா ஏப்ரல் முதல் வாரத்திலா என்பதை இந்தக் கணக்கையும் பார்த்து முடிவு செய்வதில் தவறில்லை. வேலை செய்ய இயலாமல் போன தேதியை மாற்றி எழுதுவது மட்டும் கூடவே கூடாது.

நான் எச்1பி வேலை விசாவில் இருக்கிறேன். அரசுப் பணம் வாங்கினால் விசாவுக்கு ஆபத்து என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். (சான்டா கிளாரா)

இயலாமைக் காப்பீட்டுக்குக் குடியுரிமையோ குடியேற்ற நிலையோ தகுதியாகப் பார்க்கப்படுவதில்லை. சம்பளத்தில் பிடித்தம் செய்யப்பட்டிருந்தால் நீங்களும் அந்தக் காப்பீட்டுக்கு உரியவர்தான். வேலையிழப்பு உதவித்தொகை அப்படியன்று. அதைக் கோரும் ஒவ்வொரு வாரமும் வேலைக்குப் போகச் சட்டப்படி அனுமதி இருக்க வேண்டும். எச்1பி அனுமதி ஒரு நிறுவனத்தோடு கட்டுண்டது என்பதால், வேலை போனவுடன் அந்தத் தகுதி பெரும்பாலும் போய்விடுகிறது.

எனவே உங்களைப் போன்றவர்கள் கண்ணும் கருத்துமாகக் காக்க வேண்டியது வேலை உறவைத்தான். நோயால் விடுப்பில் இருக்கும்போது நிறுவனம் உங்களைப் பணியாளராகவே வைத்திருக்கும் வரை நிலை தொடர்கிறது; வேலை முடிந்துவிட்டால் அதிகபட்சம் 60 நாள் அவகாசமே உண்டு. "உடம்பைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று ராஜினாமாக் கடிதம் எழுதி, பிறகு கண்ணீரோடு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசாமல் எதிலும் கையெழுத்திடாதீர்கள்.

இயலாமைப் பணம் வாங்கிக்கொண்டிருக்கும்போதே என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். இரண்டு தொகையும் சேர்த்து வாங்கலாமா? இல்லை, இருப்பதும் நின்றுவிடுமா? (பிளசன்டன்)

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இது. பலர் தவறு செய்வதும் இங்கேதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வேலை போனதால் இயலாமைப் பணம் நிற்காது. நீங்கள் நோயுற்றபோது வேலையில் இருந்தீர்கள். மருத்துவர் இயலாது என்று சான்றளிக்கும் வரை, உச்சவரம்புக்குள், அது தொடரும். இரண்டையும் ஒரே காலத்துக்குச் சேர்த்து வாங்க முடியாது. காரணம், இரண்டும் ஒரே கேள்விக்கு எதிரெதிரான பதிலைக் கேட்கின்றன. இயலாமைக் காப்பீடு உங்களால் இந்த வாரம் வேலை செய்ய முடியாது என்பதற்குச் சான்று கேட்கிறது. வேலையிழப்பு உதவித்தொகை இந்த வாரம் வேலை கிடைத்தால் போவீர்களா, தேடினீர்களா என்று கேட்கிறது. ஒரே வாரத்துக்கு இரண்டு இடத்திலும் "ஆம்" என்று எழுதினால், அறியாமையால் எழுதியிருந்தாலும், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும். மோசடி என்று கருதப்பட்டால் அபராதமும் சேரும். ஒரு வாரத்துக்கு ஒரு பதில்தான் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொகையிலும் பெரிய வேறுபாடு உண்டு. வேலையிழப்பு உதவித்தொகை வாரம் 40 முதல் 450 டாலர் வரைதான், பொதுவாக 26 வாரம் வரை. ஆகையால் உண்மையிலேயே இயலாத வாரங்களுக்கு இயலாமைக் காப்பீட்டில் இருப்பதே சரியும் நியாயமும் ஆகும்.

இதற்கு நேர்மாறாகவும் நடப்பதுண்டு. வேலை போய், உதவித்தொகை வாங்கிக்கொண்டே வேலை தேடும்போது நோய் வந்துவிடுகிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிரப்பும் படிவத்தின் முதல் கேள்வியே, நோயாலோ காயத்தாலோ வேலை செய்ய முடியாமல் இருந்தீர்களா என்பதுதான். பணம் குறைந்துவிடுமோ என்று அஞ்சி "இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். ஓரிரு நாள் காய்ச்சல் என்றால் அந்த நாட்களுக்கு உரிய பகுதி மட்டும் குறையும். நோய் நீளும் என்றால் இயலாமைக் காப்பீட்டுக்கு மனு செய்யுங்கள். நோய் தொடங்கியபோது வேலை தேடிக்கொண்டிருந்தீர்கள் என்பதே அங்கு உங்கள் தகுதி.

தேறிய பிறகு காலம் தாழ்த்தாமல் மாறிக்கொள்வதும் முக்கியம். இயலாமைப் பணம் சம்பளமாகக் கணக்கில் வராது என்பதை மறந்துவிடுகிறார்கள். 2025 ஜனவரி கடைசியில் நோயுற்று ஓராண்டு இயலாமைப் பணம் வாங்கியவர் 2026 பிப்ரவரியில் வேலையிழப்புக்கு மனு செய்தால், வழக்கமான கணக்குக் காலம் 2024 அக்டோபரிலிருந்து தொடங்கும். அவருடைய ஒரு முழுக் காலாண்டுச் சம்பளமும் ஜனவரிச் சம்பளமும் உள்ளே வரும். அதே மனுவை ஏப்ரலுக்குத் தள்ளினால் ஜனவரிச் சம்பளம் மட்டுமே மிஞ்சும். "வேலைக்குத் திரும்பலாம்" என்று மருத்துவர் சொன்ன வாரத்திலேயே மனு செய்யுங்கள். பழைய அளவுக்குப் பளு தூக்க முடியாவிட்டாலும், செய்யக்கூடிய வேறு வேலைக்குத் தயார் என்று உண்மையாகச் சொல்ல முடிந்தால் போதும்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ. அந்த வாரம் எழுந்து உட்காரவே முடியவில்லை. மற்ற இரு வாரமும் பாதி நாள் வேலை பார்க்க முடிகிறது. மறைக்க வேண்டுமா? (மில்பிடாஸ்)

மறைக்கவே வேண்டாம், அம்மா. சட்டம் இதற்கு இடம் தருகிறது. பகுதி நேரம் மட்டுமே முடியும் என்று மருத்துவர் எழுதட்டும். நீங்கள் ஈட்டியதை, வரி பிடிக்கும் முன் உள்ள தொகையாக, வாரவாரம் தெரிவியுங்கள். வழக்கமான வாரச் சம்பளம் 2,000, வார உரிமை 1,400 என்று வைத்துக்கொள்வோம். பாதி நாள் உழைத்து 1,000 ஈட்டிய வாரத்தில் இழப்பு 1,000, அது கிடைக்கும். 500 மட்டுமே ஈட்டிய வாரத்தில் 1,400 முழுவதும் கிடைக்கும். குறைவாக வாங்கிய வாரங்களின் மிச்சம் மொத்தக் கணக்கிலேயே இருப்பதால், பணம் 52 வாரத்தைத் தாண்டியும் வரக்கூடும். தேறி முழு வேலைக்குத் திரும்பி, 60 நாளுக்குள் அதே நோய் மீண்டும் படுக்கையில் தள்ளினால், மறுபடி அந்த 7 நாள் காத்திருக்க வேண்டியதில்லை.

இந்தக் காப்பீடு என் வேலையையும் காப்பாற்றுமா? (டப்ளின்)

காப்பாற்றாது. இது பணம் மட்டுமே. வேலையைக் காப்பது விடுப்புச் சட்டங்கள். குறைந்தது 5 பேர் பணிபுரியும் நிறுவனத்தில் 12 மாதம் வேலை பார்த்து, கடந்த ஓராண்டில் 1,250 மணி நேரம் உழைத்திருந்தால், கலிபோர்னியாவின் குடும்ப உரிமைச் சட்டம் 12 வார விடுப்பையும் அதுவரை மருத்துவக் காப்பீட்டையும் உறுதி செய்கிறது. இதற்கு நிறுவனத்திடம் தனியாகக் கேட்க வேண்டும், இ.டி.டி.யிடம் மனு கொடுத்தால் நிறுவனத்துக்குச் சொன்னதாகாது. 12 வாரம் போதாதபோது, மேலும் சில வார விடுப்பையே நியாயமான வசதியாகத் தரும்படி மாநிலச் சமவாய்ப்புச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். மின்னஞ்சலில் கேளுங்கள்; வாய்ப்பேச்சு பின்னர் சாட்சிக்கு வராது.

என் மாமனார் மதுரையில் பக்கவாதத்தில் விழுந்துவிட்டார். நான் போய்ப் பார்த்துக்கொள்ள ஏதாவது வழி உண்டா? (பிரீமாண்ட்)

உண்டு. அதே பிடித்தத்திலிருந்து நடக்கும் ஊதியத்துடன் கூடிய குடும்ப விடுப்பு, 12 மாதத்தில் 8 வாரம் வரை பணம் தரும். பெற்றோர், மாமனார் மாமியார், தாத்தா பாட்டி, உடன்பிறந்தோர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், வாழ்க்கைத் துணை ஆகியோர் பட்டியலில் உள்ளனர். பெற்றோர் இடத்தில் இருந்து நம்மை வளர்த்தவர்களாக இருந்தாலொழிய, சித்தப்பாவும் பெரியம்மாவும் அதில் இல்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம். வேறு நாட்டில் உரிமம் பெற்று அங்கேயே மருத்துவம் பார்க்கும் மருத்துவரின் சான்றையும் சட்டம் ஏற்கிறது. அவருடைய பதிவு எண்ணும் நோயின் பெயரும் எவ்வளவு காலம் கவனிப்பு தேவை என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். புறப்படும் முன்பே வெற்றுப் படிவத்தை அச்செடுத்துக் கையில் எடுத்துச் செல்லுங்கள்.

52 வாரம் முடியப்போகிறது, தேறவில்லை. அடுத்து என்ன? (சான் ஹோசே)

அடுத்தது மத்திய அரசின் சமூகப் பாதுகாப்பு இயலாமைத் திட்டம். குறைந்தது 12 மாதம் நீடிக்கும், அல்லது உயிரிழப்பில் முடியக்கூடிய நோயாக இருக்க வேண்டும். தொடக்கத்தில் முழுதாக 5 மாதத்துக்குப் பணம் கிடையாது. மனுவை ஆராயவே பல மாதம் ஆகும் என்பதால் ஆறாம் மாதத்திலேயே விண்ணப்பிக்கச் சொல்வது என் வழக்கம். நீங்கள் இன்றே செய்யுங்கள். முதல் மனு மறுக்கப்பட்டால் மனம் தளராமல் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள்.

31 வயதைக் கடந்தவர்கள் பொதுவாகக் கடந்த பத்தாண்டில் ஐந்தாண்டுக்கு நிகராக இங்கே உழைத்திருக்க வேண்டும். 42 வயதுக்கு மேல் மொத்த உழைப்பும் கூடுதலாக வேண்டும். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இல்லாததால் சென்னையில் உழைத்த ஆண்டுகள் இதில் சேரா. மெடிகேர் மருத்துவக் காப்பீடு உரிமை தொடங்கி 24 மாதம் கழித்தே வரும். இயக்க நரம்பணுக்களைத் தாக்கும் ஏ.எல்.எஸ். நோயாளிகளுக்கு மட்டும் அந்தக் காத்திருப்பு இல்லை.

இயலாமைக் காப்பீட்டு மனுவை மறுத்து இ.டி.டி.யிடமிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. (ஹேவர்டு)

கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். தனியான நிர்வாக நீதிபதி ஒருவர் விசாரிப்பார், கட்டணம் இல்லை. சான்றில் விடுபட்ட தேதியோ நோய்க்குறியீடோ காரணமாக இருந்தால், திருத்திய சான்றையும் உடனே அனுப்புங்கள்.

என் கணவர் பன்னிரண்டு நாளாகச் செயற்கைச் சுவாசத்தில் இருக்கிறார். அவர் பெயரில் நான் எப்படி மனு செய்வது? நாள் கடந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. (டிரேசி)

நாள் இருக்கிறது, அம்மா. 49-இல் 12-தான் ஆகியிருக்கிறது. தாமே மனு செய்ய இயலாத நிலையில் இருப்பவருக்காக, அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதியாக மனைவி மனு செய்யத் தனிப் படிவம் உண்டு, இ.டி.டி.யைத் தொலைபேசியில் அழைத்து, நோயாளியால் கையெழுத்திட முடியாது என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லி அதைக் கேளுங்கள். அதில் மருத்துவரும் அவருடைய நிலையை உறுதி செய்ய வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் சமூகப் பணியாளர் ஒருவர் இருப்பார். காலையில் செவிலியரிடம் அவரை வரவழைக்கச் சொல்லுங்கள். ஒருவேளை நாள் கடந்தாலும், தக்க காரணத்தோடு தாமதமாக வரும் மனுவை ஏற்க விதியில் இடமிருக்கிறது. கணவரின் சமூகப் பாதுகாப்பு எண், கடைசிச் சம்பளச் சீட்டு, அவர் கடைசியாக வேலைக்குப் போன தேதி ஆகிய மூன்றையும் இன்றிரவு ஒரு தாளில் எழுதி வையுங்கள். நாளை காலை எட்டு மணிக்கு நீங்கள் அழைக்கும்போது நானும் அதே இணைப்பில் இருக்கிறேன்.