கிராமப்புறக் கவுண்டியில் பஸ் விட்டால் பொருளாதாரம் வளருமா?

அமெரிக்கக் கவுண்டிகளை (நம்மூர் மாவட்டம் மாதிரியான நிர்வாகப் பகுதி) வைத்துச் சொல்கிறேன். பஸ் வந்ததற்காகத் தொழிற்சாலை வந்துவிடாது. இருக்கிற வேலைக்கு, கார் இல்லாதவர் போய்ச் சேர முடியும். என்னைக் கேட்டால் அதுவே பெரிய விஷயம்.

அங்கே பல இடங்களில் ஓடுவது நாம் நினைக்கும் பஸ் இல்லை. முந்தின நாளே போன் செய்து பதிய வேண்டும். சின்ன வேன் ஒன்று, சக்கர நாற்காலியை ஏற்றும் லிஃப்டோடு வீட்டு வாசலுக்கே வரும். ஒருவரை டயாலிசிஸ் மையத்தில் இறக்கிவிட்டு, அடுத்தவரை ஏற்றப் பல மைல் காலியாக ஓடும். டிக்கெட் காசு டிரைவர் சம்பளத்துக்கே காணாது.

அப்புறம் எப்படி ஓடுகிறது? 1978-இல் தொடங்கிய மத்திய அரசு உதவி, இப்போது 'பிரிவு 5311' என்ற பெயரில், 50,000-க்கும் குறைவான மக்கள்தொகை உள்ள பகுதிகளுக்கு மாநிலங்கள் வழியாக வருகிறது. பொதுவாக, வண்டி வாங்க 80 சதவீதம் வரை, ஓட்டும் செலவில் விழும் துண்டுக்கு 50 சதவீதம் வரை. மீதியை உள்ளூரில் புரட்ட வேண்டும். சிக்கலே இங்கேதான்: வரி வருமானம் இல்லாத கவுண்டிக்குத்தான் வண்டி அதிகம் தேவை, அந்தப் பாதியும் அதனிடம்தான் இருக்காது. மெடிக்கெய்டு (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) நோயாளிகளை ஏற்றிச் செல்லும் ஒப்பந்தப் பணத்தை உள்ளூர்ப் பங்காகக் காட்ட விதி இடம் தருவதால் சிலர் சமாளிக்கிறார்கள்.

இன்னொன்று, நேரம். வேன் மாலை 5 மணிக்கு நின்றுவிட்டால், இரவு 11 மணிக்கு ஷிப்ட் முடிக்கிறவருக்கு அது இருந்தும் இல்லாத மாதிரிதான். வேலைவாய்ப்புதான் குறி என்றால், புது வழித்தடத்தைவிட ஷிப்ட் நேரத்துக்கு ஒரு வேன் விடுவதையே முதலில் செய்வேன்.